மாதுங்காவிலிருந்து பூம்புகாருக்கு: கவிஞர் ஆர். பார்த்தசாரதி

மும்பைத் தமிழரின் இலக்கிய வரலாற்றைப் பேசும்போது நாடகக் குழுக்கள், சிற்றிதழ்கள், தமிழ்ச் சங்கங்கள் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஆர். பார்த்தசாரதியின் பெயர் வருவது அரிது. ஆங்கிலத்தில் எழுதியதால் தமிழ் வாசகர் அவரைத் தேடிப் போகவில்லை. மிகக் குறைவாக எழுதியதால் ஆங்கிலக் கவிதை வாசகரிலும் பலர் அவரைப் பெயரளவிலேயே அறிவர். ஆனால் தலைமுறை தலைமுறையாக நாம் இந்நகரில் சுமந்துவரும் மொழித் துயரத்தைத் தம் கவிதையின் மையப் பொருளாக்கி, அதற்கொரு மருந்தும் கண்டவர் அவர்.

1934-இல் திருச்சியை அடுத்த காவிரிக்கரைத் தலமான திருப்பராய்த்துறையில் பிறந்தார். படிப்பு பம்பாயில்: டான் போஸ்கோ பள்ளி, பிறகு அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் நிறுவிய சித்தார்த் கல்லூரி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மராத்தியும் இந்தியும் என வளர்வது மாதுங்கா, செம்பூர், தாராவிப் பிள்ளைகளுக்கு இன்றும் பழகிய வாழ்க்கைதான். படிப்பும் கனவும் ஆங்கிலத்துக்குப் போய்விட, தாய்மொழி சாப்பாட்டுப் பேச்சோடு நின்றுவிடுகிறது.

ஆங்கில இலக்கியமே கதியென்று இருந்த அந்த இளைஞர் 1963-இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகை பெற்று லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். நூல்களில் கண்டு நேசித்த இங்கிலாந்து அங்கே இல்லை. எந்த மொழிக்காகத் தம் மொழியை ஒதுக்கி வைத்தாரோ, அந்த மொழியின் நாட்டில் தாம் அந்நியர் என்பது புரிந்தது. இளமையைத் தவறான வாசலில் காத்து நின்றே கழித்துவிட்டோம் என்ற வேதனை அவரை விடாமல் பற்றிக்கொண்டது.

திரும்பி வந்து மிதிபாய் முதலான பம்பாய்க் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தார். 1971-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் பணியேற்றுச் சென்னைக்குப் பெயர்ந்தார். 1976-இல் அவர் தொகுத்த பத்து இந்தியக் கவிஞர்களின் நூல் நிஸிம் எசக்கியல், அருண் கொலாட்கர், கமலா தாஸ், ஏ.கே. ராமானுஜன் முதலியோரை மாணவர்களிடம் கொண்டு சேர்த்தது. மறு ஆண்டு அவருடைய 'ரஃப் பாசேஜ்' வெளிவந்தது. 1961 முதல் 1975 வரை எழுதித் திருத்திய மெல்லிய நூல் அது. அயல்வாழ்வு, சோதனை, வீடு திரும்பல் என மூன்று பகுதிகள் கொண்டது. முழுவதையும் ஒரே கவிதையாகப் படிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். மூன்று மூன்று அடிகளாக நடக்கும் அந்தக் கவிதையில் ஆரவாரம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எடை பார்த்து வைக்கப்பட்டது.

மூன்றாம் பகுதியில் ஒரு காட்சி. நெடுங்காலத்துக்குப் பின் உறவினர்கள் திருச்சானூரில் கூடுகிறார்கள். நெரிசல் மிகுந்த தனியார் பேருந்துகளில் வந்து இறங்கியவர்களுக்கு ஒருவரையொருவர் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சத்திரத்துப் படிகளில் சப்பணமிட்டு உட்கார்ந்த பிறகே பழைய நாள்கள் பேச்சில் எழுகின்றன. சிறு வயதில் புளியமரங்களில் அணில்போல ஏறியிறங்கிய சுந்தரி, இப்போது மூன்று பெண்களோடு எதிரே நிற்கிறாள். ஊருக்கு வந்தாகிவிட்டது, உறவும் கூடிவிட்டது. மொழி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. குறளை எண்ணி ஏங்குகிறார். சினிமாவின் கையில் தமிழ் படும் பாட்டைக் கண்டு நோகிறார். நாக்கு இன்னும் தடுமாறுகிறது.

அந்நூலுக்குப் பின் அவர் புலம்பலை நீட்டவில்லை, உழைக்கப் போனார். அமெரிக்காவில் குடியேறி, 1987-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் மாநிலத்தின் ஸ்கிட்மோர் கல்லூரியில் பணியாற்றினார். 1993-இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய சிலப்பதிகார ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. வி.ஆர். இராமச்சந்திர தீட்சிதர் 1939-இலும் அலன் டேனியலூ 1965-இலும் இப்பணியைச் செய்திருந்தார்கள். பார்த்தசாரதி அதைக் கவிஞராகச் செய்தார். மூன்று காண்டம், முப்பது காதை; கதை சொல்லும் அகவலின் ஓட்டம், நடுவே கானல்வரி, ஆய்ச்சியர் குரவை போன்ற பாட்டுகளின் தாளம். பாண்டியன் அவையில் உடைந்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கும் அந்த நொடியை வேற்று மொழியில் நிறுத்திக் காட்ட, ஒவ்வொரு அடியோடும் நெடுநாள் வாழ்ந்தாக வேண்டும். அப்படி வாழ்ந்ததற்கு 1995-இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதும், மறு ஆண்டு அமெரிக்காவின் ராமானுஜன் பரிசும் கிடைத்தன.

கோவலனும் கண்ணகியும் பிறந்த ஊரான பூம்புகாரைவிட்டுப் பிழைப்புத் தேடி வேற்றூர் போனவர்கள். காவிரிக்கரையில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர் இக்காப்பியத்தில் ஆழ்ந்ததில் வியப்பில்லை. என் கண்ணுக்கு, 'ரஃப் பாசேஜ்' தொடங்கிய வீடு திரும்பல் இந்த மொழிபெயர்ப்பில்தான் நிறைவேறுகிறது. அது நிறைவேறிய இடம் திருப்பராய்த்துறையும் அன்று, சென்னையும் அன்று. கடல் கடந்த ஒரு கல்லூரி நகரம். ஊருக்குத் திரும்பியும் கைகூடாதது, ஒரு நூலோடு ஆண்டுக்கணக்கில் மன்றாடியதில் கைகூடியது.

மும்பையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நம்பிக்கையான செய்தி வேறென்ன உண்டு? தமிழ் எழுத வரவில்லையே என்று அவர்களைக் கடிந்துகொள்வதாலோ, நாம் குற்ற உணர்வில் குமைவதாலோ ஆவது ஒன்றுமில்லை. பார்த்தசாரதியின் ஆங்கிலச் சிலம்பையும் இளங்கோவடிகளின் மூலத்தையும் அருகருகே வைத்து வாரம் ஒரு காதையாக நம் சங்கக் கூடங்களில் வாசிக்கத் தொடங்கலாம். முப்பது வாரத்தில் முடிந்துவிடும்.