லே ஆஃப்: ஓசூர் வட்டார வழக்கில்

லே ஆஃப் என்பது வினைச்சொல்லோடு ‘ஆஃப்’ ஒட்டி உருவான ஆங்கிலக் கூட்டுவினை. ‘அவனைச் சீண்டாதே, விட்டுவிடு’ என்ற பொருளும் அதற்கு உண்டு. அது தமிழ்ப் பேச்சுக்குள் வரவில்லை. ஓசூரில் புழங்குவது தொழிற்சாலைப் பொருள்தான், அதுவும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் “லே ஆஃப்ல இருக்கான்” என்றால் வேலை போகவில்லை, இப்போதைக்கு வேலை கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஜூஜூவாடி எல்லை தாண்டி பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் மென்பொருள் ஊழியர் “லே ஆஃப் பண்ணிட்டாங்க” என்றால் வேலையே போய்விட்டது. பின்னது அமெரிக்க வழக்கு. நாளிதழ்கள் ‘பணிநீக்கம்’ என்று எழுதுவதும் அதைத்தான்.

இவ்வட்டாரத்துக்கு முதல் பொருளே உரியது. காரணம், சட்டம் அதைத்தான் சொல்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்ந்த வரையறைப்படி, மின்சாரமோ மூலப்பொருளோ தட்டுப்பாடாகியோ, சரக்கு தேங்கியோ, இயந்திரம் பழுதாகியோ, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கு வேலை தர முடியாமல் போவதே லே ஆஃப். ஆளைக் கணக்கு முடித்து அனுப்பினால் அது ஆட்குறைப்பு, வேறு பிரிவு. ஷிப்டுக்கு நேரத்தில் வந்து நின்றவருக்கு 2 மணி நேரத்துக்குள் வேலை தராவிட்டால் அன்று அவர் லே ஆஃப். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி கிடைக்கும். ஆனால் வேலை நேரத்தில் நாளுக்கு ஒரு முறையாவது ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும். வேலை போய்விட்டதென்று நம்பி ஊருக்குப் பஸ் ஏறியவர் அந்தப் பாதியையும் இழப்பார். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பும் இந்தப் பொருளை மாற்றவில்லை.

பேச்சுவழக்குதானே பொருளைத் தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். டீக்கடைப் பேச்சுக்கு அது சரி. வழக்கு என்று வந்தால் பார்க்கப்படுவது மஸ்டர் ரோல். நிறுவனங்களும் இச்சொல்லை எப்போதும் பயன்படுத்துவதில்லை. 2019 செப்டம்பரில் வண்டி விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கு 5 நாட்களை ‘வேலையில்லா நாட்கள்’ என்றே அறிவித்தது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதிலி, தற்காலிகத் தொழிலாளிகளுக்கு அந்தப் பாதிச் சம்பளம் கிடையாது; 50 பேருக்குக் குறைவான பட்டறைகளுக்கு இந்த ஏற்பாடே பொருந்தாது; ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் ஆளின் பெயர் ஆலையின் மஸ்டர் ரோலில் இருக்காது. சூபர்வைசர் “நாளைக்கு வர வேணாம்” என்றால், இவர்களுக்கு இரண்டு பொருளும் ஒன்றுதான்.