வாளும் தூரிகையும்: யப்பானிய ஓவியங்களில் வாள்வீரரின் அகம்

யப்பானிய வரலாற்றிலே, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் 1868 வரை அதிகாரம் பெரும்பாலும் போர்வீர வகுப்பினர் கையிலேயே இருந்தது. சாமுராய்கள் எனப்பட்ட இவர்களது வீரத்தையும் மனவுறுதியையும் சித்திரிக்கும் ஓவியங்கள் இன்று உலகின் பல அரும்பொருட்சாலைகளில் இடம்பெற்றுள்ளன. காண்போர் அவற்றைச் சாமுராய் வாழ்வின் நேரடிச் சான்றுகளாகக் கொள்வது இயல்பே. ஆயின் அவற்றை யார், யாருக்காக, எக்காலத்தில் வரைந்தனர் என வினவும்போது வேறொரு வரலாறு புலனாகின்றது.

1603 இல் தொக்குகவா இயேயசு ஷோகுன் பதவியை ஏற்றார். 1615 இல் ஒசாக்காக் கோட்டை வீழ்ந்ததுடன் நெடுங்காலமாக நிலவிய உள்நாட்டுப் போர்கள் பெரும்பாலும் ஓய்ந்தன. இம்மாற்றத்தைக் கண்டு வாழ்ந்தவர் மியமோத்தோ முசாஷி. அறுபதுக்கு மேற்பட்ட வாட்போட்டிகளிலே தாம் தோல்வி கண்டதில்லை என அவரே எழுதியுள்ளார். 1640 இல் குமமோத்தோவை ஆண்ட ஹொசொக்கவா குடும்பத்தாரின் ஆதரவைப் பெற்று, 1645 இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

முசாஷி ஓவியராகவும் விளங்கினார். அவரது புகழ்பெற்ற ஓவியத்திலே வாளும் இல்லை, வீரனும் இல்லை. பட்ட மரத்தின் நெடிய கொம்பொன்றின் உச்சியில் கீச்சான் பறவையொன்று அமர்ந்திருக்கின்றது. கீழே, அதே கொம்பில் ஒரு புழு மேல்நோக்கி ஊர்கின்றது. பறவை அசையவில்லை. கருமையினால் தீட்டப்படும் இவ்வகை ஓவியத்தில், ஒருமுறை இழுத்த கோட்டைத் திருத்துதல் இயலாது. வாள்வீச்சும் அத்தகையதே. தன் வாழ்நாளெல்லாம் வாளேந்திய ஒருவர் வீரத்தின் அகத்தைத் தீட்டியபோது, ஆரவாரத்தை விடுத்து அமைதியையும் விழிப்பையுமே தேர்ந்தார்.

தொக்குகவா ஆட்சியிலே ஏறத்தாழ 250 ஆண்டுகள் அமைதி நிலவியது. அரிசியை ஊதியமாகப் பெற்ற சாமுராய்கள் படிப்படியாக நிருவாக உத்தியோகத்தராயினர், பலர் கடனாளிகளாயினர். மறுபுறம் எடோ, ஒசாக்கா முதலிய நகரங்களில் வணிகரும் கைவினைஞரும் செல்வாக்குப் பெற்றனர். மரப்பலகைகளிற் செதுக்கி அச்சிடப்பட்ட மலிவான வண்ணப்படங்களை விரும்பி வாங்கியோர் இந்நகரமாந்தரே. சாமுராய்களைப்போல இரு வாள்களை அணியும் உரிமையற்ற இவர்கள், வீரத்தைத் தாளிலே தேடினர்.

உத்தகவா குனியோஷி இவர்களது இரசனையை நன்குணர்ந்தவர். 1703 இல் தம் தலைவனுக்காகப் பழிவாங்கி, அதன் விளைவாகத் தம்முயிரை மாய்த்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்ட அக்கோ வீரரை அவர் 1847 இலும் 1848 இலும் தனித்தனிப் படங்களாக வரைந்தார். எனினும் அவர்களது உண்மைப் பெயர்களை அப்படியே பொறிக்க இயலவில்லை. அண்மைக்கால வீரரைப் பெயர்சுட்டிச் சித்திரிப்பதை அரசாங்கம் தடைசெய்திருந்தது. ஹிதேயோஷியைச் சித்திரித்தமைக்காக 1804 இல் உத்தமரோ என்னும் ஓவியர் தண்டிக்கப்பட்டார். ஆகவே குனியோஷி நாடக மேடையில் வழங்கிய மாற்றுப்பெயர்களைக் கையாண்டார். முசாஷியையும் அவர் வரைந்தார். கீச்சானைத் தீட்டிய அதே மனிதர், இங்கு பெருந்திமிங்கிலமொன்றின் முதுகில் நின்று வாளைப் பாய்ச்சுகின்றார். வாழ்ந்த மனிதர் மறைந்து, நகரமாந்தர் வேண்டிய வீரர் தோன்றிவிட்டார்.

குனியோஷியின் மாணவர் சுக்கியோக்கா யோஷித்தோஷி பிறிதொரு காலத்தின் பிள்ளை. 1868 இல் எடோவின் உவெனோவிலே ஷோகுனின் ஆதரவாளரைப் பேரரசரின் படையினர் ஒரே நாளில் முறியடித்தனர். அவ்வாண்டிலேயே அவர் தொடங்கிய போர்வீரர் படத்தொகுதி முற்கால வீரரின் பெயர்களைத் தாங்கியிருந்தது. எனினும் குருதி தோய்ந்த ஆடைகளிலும் களைத்த விழிகளிலும் உவெனோவின் அழிவே தெரிகின்றது. பொதுமக்கள் முன்னிலையில் வாளணிவது 1876 இல் தடைசெய்யப்பட்டது. மறுவருடம் சற்சுமாவில் எழுந்த கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. சாமுராய் வகுப்பு வரலாற்றிலிருந்து மறைந்தது.

வகுப்பு மறைந்த பின்னரும் படிமம் மறையவில்லை. 1930களில் இராணுவவாதிகள் தலைவனுக்காக உயிர்துறப்பதே யப்பானியரின் தொன்மையான இயல்பெனப் போதித்தனர். அப்போதனையின் பெயரால் 1945 வரை எண்ணற்ற இளைஞர் போர்முனைகளில் மாண்டனர். அவர்களது படைகளால் ஆசியாவெங்கும் மாண்டோர் அவர்களினும் பலர். அத்தகையோர் எடுத்துக்காட்டிய வீரனுக்கு அச்சமுமில்லை, களைப்புமில்லை. ஆயின் முசாஷியின் பறவையோ பாயாது காத்திருக்கின்றது. யோஷித்தோஷியின் வீரனோ தளர்ந்து நிற்கின்றான்.

ஓர் இனத்தின் ஆன்மா என ஒரு படத்தை எவரேனும் எடுத்துக்காட்டும்போது, அது எந்த ஆண்டில், எவர் பணத்தில், எந்தத் தடையின் கீழ் தீட்டப்பட்டது என வினவுதல் வரலாறு பயில்வோரின் கடமையாகும்.