ஏலத்துக்கு வந்த வீடு

நம் பழைய கதைகளில் வீடு ஏலத்துக்கு வரும் கட்டத்துக்குக் குறைவே இல்லை. தமுக்கு ஒலிக்கும்; அமீனா வருவார்; கதாநாயகியின் தகப்பனார் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு ஒரு வக்கீல் இருந்தாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் இருந்திருக்க மாட்டார். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் 'பாப்பர்' வழக்கு என்று ஒன்றை அனுமதித்தது. காசில்லாதவன் கோர்ட்டுக் கட்டணம் கட்டாமலே பிராது கொடுக்கலாம். தயாள குணந்தான், ஆனால் வாதியிடம் காட்டிய தயாளம். வீட்டை அடமானம் வைத்தவன் வாதியாகவா கோர்ட்டுக்குப் போகிறான்? கடன் கொடுத்தவர் பிராது போட, இவன் பிரதிவாதியாக இழுக்கப்படுகிறான். அவனுக்கு வேண்டியது எழுந்து நின்று பேச ஒரு கறுப்புக் கோட்டு. அதைப் பற்றி அந்த விதிகள் வாய் திறக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. விவசாயி குடியிருக்கும் வீட்டைச் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்யக்கூடாது என்று அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வீட்டின்மேலேயே அடமானம் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் காப்பு உதவாது. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும். வக்கீலின் பீஸுக்கு இன்னொரு கடன் வேண்டும்!

1976-இல் 'பாப்பர்' என்ற சொல் சட்டத்திலிருந்து போயிற்று. வறியவருக்குக் கோர்ட்டே வக்கீலை அமர்த்தலாம் என்று ஒரு விதி வந்தது. அதுவும் வழக்குப் போடுகிறவருக்குத்தான். அதே வருஷம் அரசியல் சட்டத் திருத்தத்தில் இலவச சட்ட உதவி இடம் பெற்றது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கரியாலூர் இருக்கிற கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் காலம் முடிந்ததும் அந்த வருஷந்தான்.

பிரதிவாதிக்கு உண்மையான வழி பிறந்தது 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில். அமலுக்கு வர 1995 நவம்பர் 9 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது! அதன்படி பெண்களுக்கும், ஆதிதிராவிடருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று கேளாமலே வக்கீல் கிடைப்பார். கரியாலூர் மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். (பெயரைக் கேட்டு மலையாள தேசத்தார் என்று எண்ண வேண்டாம், மலையில் வாழும் தமிழர்கள்.)

2002-இல் காட்சியே மாறிவிட்டது. அந்த வருஷத்துச் சட்டம், பாங்கிக்காரர் கோர்ட்டில் பிராது போடாமலே அடமான வீட்டைக் கைப்பற்றலாம் என்றது. முதலில் 60 நாள் நோட்டீஸ். கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். விவசாய நிலத்துக்கு இதில் விலக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை. உள்ளூர் முன்சீப் கோர்ட்டுக்கு இதில் வேலையும் இல்லை. தமிழ்நாட்டில் தீர்ப்பாயங்கள் இருப்பதோ சென்னை, கோவை, மதுரையில்.

நல்ல வேளையாக, 1987 சட்டத்தில் 'கோர்ட்' என்ற சொல்லுக்குள் தீர்ப்பாயமும் அடக்கம். ஆகவே அங்கே வாதாடவும் இலவச வக்கீலைக் கேட்கலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கரியாலூர்க்காரர் அந்த 45 நாளுக்குள் மலையிறங்கி வந்து சொல்ல வேண்டும்.