காட்டுப்பன்றியும் மூன்று கிலோமீட்டரும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு 1873 முதல் தடை. தேவாலயம் போகும் நாளில் துப்பாக்கிச் சத்தம் எதற்கு என்றார்கள். 150 ஆண்டுக்கு மேல் இழுத்த அந்தச் சண்டை 2025 ஜூலையில்தான் முடிந்தது. ஆளுநர் ஷாபிரோ கையெழுத்திட்டுத் தடையை நீக்கினார்.

நமக்குக் கிழமைச் சண்டை இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஏழு நாளும் ஞாயிறுதான். மதுரை, சிவகங்கைப் பக்கம் சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை போவார்கள். இன்று போனால் வனத்துறை வழக்குப் போடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வேட்டை என்றதும் எனக்கு நினைவு வருவது 1789 ஆகஸ்ட் 4 இரவு. அதுவரை பிரான்சில் வேட்டை பிரபுக்களின் தனியுரிமை. அவர்கள் காட்டு முயல் பயிரைத் தின்றாலும், அவர்கள் வளர்க்கும் புறா விதையைப் பொறுக்கினாலும் குடியானவன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். புரட்சிக்கு முன் ஊர் ஊராக எழுதி அனுப்பிய குறைப் பட்டியல்களில் இந்தப் புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. அன்றிரவு தேசிய சபை அந்தத் தனியுரிமையை ஒழித்தது. தன் நிலத்தில் புகுந்த மிருகத்தைக் கொல்ல நிலத்துக்காரனுக்கு உரிமை வந்தது. ஊரே துப்பாக்கி தூக்கியதில் மிருகங்கள் கணக்கில்லாமல் செத்தன. 1790 ஏப்ரலிலேயே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே 2022-இல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் 2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தது வேறு மாதிரி. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம்.

அரசாணைகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், காகிதத்தில் இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவாரத்தில் மலை இறங்கினால் தோட்டம். பன்றி ராத்திரி இறங்கி, நிலக்கடலையைக் கிண்டிப் போட்டுவிட்டு விடியுமுன் ஏறிவிடும். மூன்று கிலோமீட்டர் நடக்க அதற்கு என்ன தலையெழுத்தா? அதிகம் இழப்பவன் அந்த முதல் கிலோமீட்டர்க்காரன். அவனுக்குத்தான் இதில் ஒன்றுமே இல்லை. வேலியில் பழைய சேலை கட்டுகிறான், ராக்காவல் கிடக்கிறான். சில இடங்களில் திருட்டுத்தனமாகக் கம்பியில் மின்சாரம் விட்டு, பன்றியோடு யானையும் மனிதனும் சாவதைப் பத்திரிகையில் பார்க்கிறோம்.

துப்பாக்கியை ஊருக்கே கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது கிலோமீட்டரில் வைக்கிற கூண்டை முதல் கிலோமீட்டரிலும் வைத்தால் என்ன?