ஆர்கன் இசையும் நம் செவியும்

மாதுங்காவிலிருந்து மேற்கு இரயில்பாதை வழியே அலுவலகம் செல்லும் தமிழர் பலர் சர்ச்கேட் நிலையத்தில் இறங்குகின்றனர். அப்பெயரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பழைய பம்பாய்க் கோட்டையின் வாயில்களுள் ஒன்று புனித தாமஸ் தேவாலயத்தின் பெயரால் அவ்வாறு வழங்கிற்று. 1860-களில் மதில் இடிக்கப்பட்டது; வாயிலும் மறைந்தது; பெயர் மட்டும் நின்றது. 1718-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பெற்ற அத்தேவாலயம் இன்றும் இருக்கிறது. இத்தகைய ஆலயங்களின் வழியாகவே ஆர்கன் என்னும் பேரிசைக் கருவி நம் நாட்டுத் துறைமுக நகரங்களுக்கு வந்து சேர்ந்தது.

ஆர்கன் என்றவுடன் மின்விசையால் ஒலிக்கும் சிறு பெட்டியை நினைத்தல் வேண்டா. நாம் சொல்வது நூற்றுக்கணக்கான, சிலவிடங்களில் ஆயிரக்கணக்கான குழல்களைக் கொண்டது. அதன் முதல் வடிவத்தைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்துத் தெசிபியஸ் அமைத்தார். காற்றின் அழுத்தம் ஏறாமலும் குறையாமலும் நிற்க அவர் நீரைப் பயன்படுத்தினார். பின்னாளில் துருத்திகள் அப்பணியை ஏற்றன. எட்டடி நீளமுள்ள திறந்த குழல் ஒரு சுரத்தைத் தருமாயின், பதினாறடிக் குழல் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே தரும்; முப்பத்திரண்டடிக் குழல் மேலும் ஒரு ஸ்தாயி கீழே. அம்முழக்கத்தைச் செவி கேட்பதைவிட அமர்ந்திருக்கும் பலகை உணர்வதே மிகுதி. மறுமுனையில் விரலளவே உள்ள குழல்களும் உண்டு. வாசிப்பவர் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலியின் வலிமை மாறுவதில்லை. எக்குழல் வரிசைகளைத் திறப்பது, எவற்றை மூடுவது என்ற தேர்விலேயே நயம் பிறக்கிறது. கைகளுக்கு இரண்டு மூன்று கட்டை வரிசைகளும், கால்களுக்குத் தனியே ஒரு வரிசையும் அமைந்திருக்கும்.

இது நமக்கு முற்றிலும் அயலான இசைதானா? செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் போன்ற தலங்களில் நாதஸ்வரம் கேட்டுப் பழகிய செவிக்கு ஒத்து என்றால் என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை. இராகம் எவ்வளவு தூரம் சென்று திரும்பினாலும் அடியில் ஒரே சுரம் அசையாது நிற்கும். ('ஒத்து ஊதுதல்' என்பதை நாம் ஏளனச் சொல்லாக்கியது நன்றியில்லாத செயலே.) ஜெர்மானிய இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக் இயற்றிய எஃப் மேஜர் தொக்காத்தாவைக் கேளுங்கள். தொடக்கத்தில் காலடிக் கட்டை ஒன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தாள அளவுகள் வரை ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, மேலே இரண்டு கைகளும் ஒன்றையொன்று துரத்திச் செல்கின்றன. ஒத்தின் துணையோடு வளர்ந்த செவிக்கு அவ்விடத்தில் வழிகாட்டி தேவையில்லை.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்றுண்டு. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அதே ஆண்டில் பாக், ஆர்ன்ஸ்டாட் என்னும் சிற்றூரில் இருபத்தோரு வயது ஆர்கன் வாசிப்பாளராக இருந்தார். இருவரும் லுத்தர் நெறித் திருச்சபையினர். ஒரே பாடல் மரபில் வளர்ந்தவர்கள். சீகன்பால்குக்குப் பின் வந்த பப்ரிசியஸ் ஜெர்மானியப் பாடல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். அம்மெட்டுகள் தமிழ்ப் பாமாலைகளில் இடம்பெற்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளுடன் அருகருகே வாழ்ந்து வருகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடித் தாராவிக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இப்பாமாலைகளையும் உடன் கொண்டுவந்தன.

இதே வகை மெட்டுகளைக் கொண்டே பாக் தம் ஆர்கன் இசையில் பெரும்பகுதியைக் கட்டினார். வைமார் அரசவையில் இருந்த காலத்தில், அதாவது 1708-க்கும் 1717-க்கும் இடையில், 'ஆர்கன் சிறுநூல்' என்னும் தொகுப்பின் பெரும்பகுதியை எழுதினார். 164 பாடல்களுக்குத் திட்டமிட்டு 46-ஐ மட்டுமே முடித்தார். சபையார் பாடப்போகும் மெட்டை எடுத்து, அதன் பொருளுக்கேற்பப் பின்னணிக் குரல்களைப் பின்னுவதே அதன் முறை. மெட்டை முன்பே அறிந்தவனுக்கே அதில் முழு இன்பம். நிரவலில் நாம் சுவைப்பதும் இத்தகையதே அன்றோ? பல்லவி வரி மனத்தில் இருந்தால்தான் வித்துவான் அதைத் திருப்பும் அழகு புலப்படும். ஆகவே தாராவியில் அப்பாமாலைகளைப் பாடி வளர்ந்த ஒருவர், பாக் இசையரங்கில் முதன்முறை நுழையினும் பாதி வழியைக் கடந்தவராகவே நுழைகிறார்.

இருந்தும் நம்மவர்க்கு ஆர்கன்மீது ஒரு தயக்கம் நிலவுகிறது. அதற்குக் காரணம் அதன் பேரப்பிள்ளையாகிய ஆர்மோனியம் என்றே கருதுகிறோம். 1840-களில் பாரிசில் தெபேன் என்பார் உரிமம் பெற்ற அக்கருவியைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தியிழுக்கும் சிறு பெட்டியாக மாற்றினார். அது பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் தேவாலயத்திலும் ஒருங்கே புகுந்தது. கமகம் பேசாத கருவி என்று 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. அவ்விலக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நின்றது. இராகத்தின் பொருட்டு அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அசையாச் சுரமுடைய கருவி எல்லாமே உயிரற்றது என்னும் எண்ணத்தையும் அது வளர்த்துவிட்டது. இராகம் பாட ஆர்கன் முயல்வதேயில்லை. ஒரே வேளையில் நான்கைந்து குரல்கள் தத்தம் வழியே நடந்து ஒன்றுகூடும் அழகே அதன் செல்வம். ஒரு குரலை மட்டும் பின்தொடர்ந்து பழகிய நாம், முதலில் நடுக்குரல் ஒன்றைப் பற்றிக்கொண்டு கேட்பது நலம்.

கேட்பதற்கு வாய்ப்பு அருகி வருவதே கவலைக்குரியது. நம் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்று துருத்தித் தோலை அரிக்கிறது; மழைக்காலத்தில் மரம் புடைத்துக் கட்டைகள் சிக்குகின்றன; கரையானைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பழுதுபார்க்கத் தெரிந்தோர் மிகச் சிலர். எனவே பல ஆலயங்களில் மின்கருவி அவ்விடத்தைப் பிடித்துவிட்டது. சென்னை எழும்பூரில் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் 1883-இல் நிறுவப்பெற்ற ஆர்கன் போன்றவை பேணத்தக்க செல்வங்கள். சென்னை வானொலியின் மேனாட்டிசை நிகழ்ச்சிகளோடு தொடர்புடைய ஹேண்டல் மானுவேல் அவ்வாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்.

வெப்பநாட்டில் இக்கருவியை வைத்துக் காப்பதன் அருமையை அறிந்திருந்தவர் ஆல்பர்ட் ஸ்வைட்சர். 1913-இல் அவர் மருத்துவப் பணிக்காக ஆப்பிரிக்காவின் லாம்பரினேக்குச் சென்றபோது, பாரிஸ் பாக் சங்கத்தார் அவருக்கு ஆர்கனைப் போலவே கால்கட்டைகள் பொருத்திய பியானோ ஒன்றை அளித்தனர். ஈரமும் பூச்சியும் அணுகாதபடி துத்தநாகத் தகடு பதித்த கருவி அது. நோயாளிகளைக் கவனித்து ஓய்ந்த வேளைகளில் அதில் பயின்றே தம் விரல்களையும் கால்களையும் அவர் காத்துக்கொண்டார். 1930-களில் இலண்டனிலும் ஸ்டிராஸ்பர்க்கிலும் அவர் வாசித்துப் பதிவான பாக் இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தொடங்குவோர் அவற்றுள் குறுகியதொன்றைத் தேர்ந்து, விளக்கை அணைத்து, காலடிச் சுரம் எங்கே நுழைகிறது என்று மட்டும் முதன்முறை கவனிக்கலாம். மெட்டை இரண்டாம் முறை தேடலாம்.