பாஸ்டன் செயற்கை விழிவெண்படலம்

பாஸ்டன் செயற்கை விழிவெண்படலம் என்பது, கொடையாளரின் விழிவெண்படலத்தை (கார்னியா) மாற்றிப் பொருத்தியும் பலன் பெறாதவர்களுக்குப் பொருத்தப்படும் கருவி ஆகும். இதனைக் கண் மருத்துவர் கிளாஸ் டோல்மன் உருவாக்கினார். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1992ஆம் ஆண்டு இதற்கு ஒப்புதல் அளித்தது. நெகிழியாலான முன்தட்டுக்கும் துளைகளுள்ள பின்தட்டுக்கும் இடையே கொடையாளரின் திசு பொருத்தப்பட்டு, அத்திசு நோயாளியின் கண்ணில் தைக்கப்படுகிறது.

சிக்கல்கள்

* கருவியின் பின்புறம் சவ்வு வளர்ந்து பார்வையை மறைத்தல். இச்சவ்வினைப் பெரும்பாலும் லேசர் கதிரால் திறக்க இயலும்.
* கருவியைச் சுற்றியுள்ள திசு கரைந்து, கருவி வெளித்தள்ளப்படுதல்.
* கண்ணின் உட்புறத்தில் நுண்ணுயிர்த் தொற்று.
* விழித்திரை விலகல்.
* கண் அழுத்த நோய் (குளுக்கோமா). இதனால் பார்வை நரம்பில் ஏற்படும் சேதம் மீளாதது.

தடுப்பு முறைகள்

தொற்றைத் தவிர்க்க, நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்தை வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் இடவேண்டும். மென்மையான தொடுவில்லை கண்ணின் மேற்பரப்பு உலராமல் காக்கிறது. பின்தட்டின் துளைகள் வழியாகக் கண்ணின் உள்நீர் திசுவுக்கு ஊட்டமளிப்பதால், திசு கரைவது குறைகிறது.

கருவி கடினமானது என்பதால் வழக்கமான அழுத்தமானிகள் இதன்மீது பயன்படுவதில்லை. மருத்துவர் விரலால் தொட்டே அழுத்தத்தை மதிப்பிடுகிறார். பார்வைப் புலத்தையும் பார்வை நரம்பையும் சோதிக்கிறார். தேவைப்படின் உள்நீரை வடிக்கும் குழாய் பொருத்தப்படும். கண் அழுத்த நோய் பொதுவாகப் பக்கப் பார்வையையே முதலில் பாதிக்கும். எனவே, நேர்ப்பார்வை தெளிவாக இருப்பினும் தொடர் பரிசோதனையைக் கைவிடலாகாது.