மணல், உப்புக்காற்று, பந்து: விளையாட்டைக் கிட்ட நின்று எடுக்கும்போது லென்ஸைப் பாதுகாப்பது எப்படி?

கபடியில் பாடிச் செல்பவர் பிடியை உதறிக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பாயும் கணத்தை இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால்தான் படத்துக்கு உயிர் வரும். அந்தத் தூரத்தில்தான் மணலும் லென்ஸில் வந்து விழும். சம்பூரில் கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று வேறு. கச்சான் வீசத் தொடங்கினால் மைதானத்துப் புழுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2006 ஏப்ரல் விமானக் குண்டுவீச்சோடு வெளியேறி, 2015இல்தான் திரும்பத் தொடங்கிய ஊர் இது. ஓடும்போது யாரும் அல்பத்தைத் தூக்கவில்லை. பிள்ளைகள் சொந்த மண்ணில் விளையாடும் படம் இங்கே வெறும் விளையாட்டுப் படமல்ல. எடுக்கிறவர்கள் நிலையும் அப்படித்தான். என்னைப் போன்ற சுயாதீன ஊடகவியலாளர் பலரிடம் ஒரு கமராவும் இரண்டு லென்ஸும்தான். சனிக்கிழமை கபடிக்குப் போன லென்ஸ்தான் திங்கட்கிழமை காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்துக்கும் போகவேண்டும்.

கடைக்காரர் முதலில் நீட்டுவது யூவி பில்டர். டிஜிட்டல் கமராவில் அதனால் படம் பெரிதாகத் திருந்தாது. மணலையும் உப்பையும் தாங்கும் கண்ணாடியாக மட்டும் அதைக் கருதுங்கள். லென்ஸின் முன்பக்கத்தில் உள்ள விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள். கெனனின் சாதாரண 18-55 லென்ஸ் பலவற்றுக்கு 58 மில்லிமீற்றர். மின்னொளியில் நடக்கும் இரவு ஆட்டங்களில் மலிவு பில்டர் விளக்குகளின் பேய்ப்பிம்பங்களைப் படத்தில் இறக்கும், அப்போது கழற்றிவிடலாம்.

பந்து அடிபட்டால் பில்டரை நம்பமுடியாது. மெல்லிய கண்ணாடி உடைந்து, அந்தத் துண்டே லென்ஸைக் கீறலாம். அடியை வாங்கிக்கொள்வது ஹூட். என்னைக் கேட்டால், ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால் முதலில் ஹூட்டை வாங்குவேன்.

அகலக் கோண லென்ஸ் ஆளைத் தூரத்தில் காட்டும். வியூபைண்டரில் எட்டத்தில் தெரிபவர் உண்மையில் உங்கள் மடியில் விழப்போகிறவராக இருக்கலாம். மற்றக் கண்ணையும் திறந்து வைத்திருங்கள். உதைபந்தாட்டக் கம்பத்துக்குப் பின்னால் இருந்தால் வலையோடு ஒட்டி இருக்கவேண்டாம். பந்து பட்டால் வலை வெளியே துருத்தும்.

சூம் செய்யும்போது நீளும் லென்ஸ்கள் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். கடற்கரையில் ஒரு குவியத் தூரத்தை முதலே தீர்மானித்து அதிலேயே எடுங்கள். லென்ஸ் மாற்றும் வேலையை வீட்டிலேயே முடியுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் வளையத்தைத் திருப்பவே கூடாது.

துடைப்பதில்தான் அதிக லென்ஸ்கள் பழுதாகின்றன. சேட்டு நுனியோ சாரமோ வேண்டாம். முதலில் ரப்பர் குமிழால் காற்றடித்து மணலைப் போக்குங்கள். வாயால் ஊதினால் எச்சில்தான் படும். பிறகு மென்மையான தூரிகை. உப்புக் காய்ந்திருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோபைபர் துணியால் மெதுவாக ஒற்றி உப்பைக் கரைத்த பின்னரே துடைக்கவேண்டும்.

மாரியில் வேறு பிரச்சினை. ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கமராப் பையில் பூட்டி வைப்பதைவிட, காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது. நிறம் மாறும் வகையென்றால் குறைந்த சூட்டில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். சிலர் அரிசிக்குள் வைக்கிறார்கள். அரிசித் தூள் லென்ஸுக்குள் போகும். அதைச் சோற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.